வலிக்கிற காலை அதட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். ஆனால் படியுங்கள். குறிப்பாக, தை மாதக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் வீட்டார் படிக்க வேண்டும். நேரில் சொன்னால் “உங்களுக்கு இந்தக் காலத்து விஷயம் புரியாது அத்தை” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது அல்லவா?

நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு குறிப்பு சுற்றி வந்தது. ஹை ஹீல்ஸ் போட்டாலும் கால் வலிக்காமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று. மூன்றாவது விரலையும் நான்காவது விரலையும் சேர்த்து டேப் போட்டு ஒட்டு. முன்பாதத்துக்கு அடியில் ஜெல் பேட் வை. மரத்துப்போகிற ஸ்ப்ரே வாங்கி அடி. ஃபங்ஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை ஒன்று போடு. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள், “சூப்பர்”, “கல்யாணப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன்”. வலிக்கிற செருப்பைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்க அந்தக் குழுவில் ஒரு ஆள் இல்லை. டாக்டருக்குப் படித்தவர் இருக்கிறார், எம்.பி.ஏ. இருக்கிறார், இரண்டு இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். நான் வெறும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா. நானே கேட்கிறேன்.

விஷயம் இதுதான். பெண் ஐந்தடி ஒரு அங்குலம். மாப்பிள்ளை ஐந்தடி பதினொன்று. பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் முடித்தார்கள். (அதில் ஸ்திரீ தீர்க்கம் என்று ஒன்று வரும். அதைப் பெண்ணின் உயரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரம் எண்ணுகிற கணக்கு.) ஜோசியர் கேட்காத பதினோராவது பொருத்தத்தை போட்டோகிராபர் கேட்கிறார். “ஜோடி ஃபிரேமில் மேட்ச் ஆகாது மேடம், நாலு இஞ்ச் ஹீல்ஸ் வாங்கிடுங்க” என்றாராம். உடனே அண்ணி வாங்கிவிட்டார். முன்பக்கம் கூம்பி, பின்பக்கம் பென்சில் மாதிரி நிற்கிற செருப்பு. விலையை நான் இங்கே எழுதினால் அண்ணனுக்கு நெஞ்சு வலி வரும்.

நம் பக்கத்து ரிசப்ஷன் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆறரைக்கு மேடை ஏற்றினால் பத்து மணிக்குத்தான் இறக்குவார்கள். மூன்றரை மணி நேரம். பின்னால் ராஜா ராணி சோபா ஒன்று அலங்காரத்துக்குக் கிடக்கும், அதில் உட்கார நேரம் கிடைக்காது. வரிசையில் வருகிறவர்கள் மொய்க்கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, இறங்குவதற்குள் அடுத்த குடும்பம் ஏறிவிடும். மாப்பிள்ளை ஷூவில் நிற்பார். பெண் நாலு அங்குலத்தின் மேல் நிற்பாள், அதுவும் ஐந்தாறு கிலோ லெஹங்காவோடு. அந்த லெஹங்கா தரையைத் தொடுகிறதா இல்லையா? அப்படியானால் அந்த விலை உயர்ந்த செருப்பை எவர் பார்க்கப்போகிறார்? யாருக்கும் தெரியாத ஒரு பொருளைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வலியைத் தாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதைத்தான் நாம் நம் பிள்ளைக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கிறோம்.

இதிலே பெரிய வேடிக்கை மறுநாள் காலையில். அதே பெண், அதே மாப்பிள்ளை பக்கத்தில், வெறுங்காலோடு மணவறையில் உட்காருவாள். வெறுங்காலோடு அக்கினியைச் சுற்றுவாள். அம்மி மிதிக்கிற கால் வெறுங்கால், மெட்டி போடுகிற கால் வெறுங்கால். அப்போது பத்து அங்குல வித்தியாசமும் அப்படியே தெரியும். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை, தாலி கட்டுவதும் நிற்பதில்லை. ஆல்பத்தைப் புரட்டினால் ராத்திரி உயரமாக இருந்த பெண் விடிவதற்குள் குட்டையாகிவிட்டதாகத் தெரியும். போட்டோகிராபர் அதற்கு என்ன சொல்வார்?

இனி கொஞ்சம் கணக்கு. என்னிடம் படித்தவர்களுக்கு அழுத்தம் என்ற பாடம் நினைவிருக்கும். விசையைப் பரப்பால் வகுக்க வேண்டும். நாலாயிரம் கிலோ யானை, அதன் ஒவ்வொரு பாதமும் இருபது சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பாதத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 5,000 சதுர சென்டிமீட்டர் வரும். ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடைகூட விழவில்லை. ஐம்பது கிலோ பெண் நடக்கும்போது ஒரு கணம் முழு எடையும் ஒரே குதியின் நுனியில் இறங்கும். அந்த நுனி ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் அங்கே 50 கிலோ. யானையைப் போல அறுபது மடங்கு. மண்டப மேடை என்பது பலகை அடுக்கி மேலே கம்பளம் விரித்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும், கம்பளம் அதை மூடியிருக்கும். அந்த நுனி எங்கே இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது தரைக்கு நேர்வது. காலுக்கு நேர்வது வேறு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். சமமாக நின்றால் எடையில் பெரும்பகுதியைக் குதிகால் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை முன்பாதம் தாங்கும். குதியைத் தூக்க தூக்க, எடை முன்னால் சரியும். மணல் மூட்டையைச் சாய்த்தால் ஒரு மூலையில் போய்க் குவிகிறதே, அதுபோல. விரல்கள் சந்திக்கிற அந்த மெல்லிய இடத்தில் உடம்பு முழுதும் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் கூம்பாக வேறு இருந்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே ஓடுகிற நரம்பு நசுங்கி, கூழாங்கல்லை மிதித்த மாதிரி சுரீர் என்கும். டேப் ஒட்டச் சொல்கிறார்களே, அந்த இரண்டு விரல்தான். ஏற்கெனவே நெருக்கிக் கிடப்பவர்களைக் கயிறு போட்டுக் கட்டினால் நெருக்கடி தீருமா?

வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. கெண்டைக்கால் தசை குட்டையாகவும், குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தடித்த நாண் விறைப்பாகவும் ஆகிவிடுகிறது என்று 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பழகிவிட்டால், ஹீல்ஸைக் கழற்றித் தட்டைச் செருப்பு போட்டால்தான் வலிக்கும். “எனக்குப் பழகிடுச்சு, ஒண்ணும் தெரியல” என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் மூட்டியது அந்த ஸ்ப்ரேதான். வலியே தெரியாமல் செய்துவிடுமாம். நம் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலேயே மேற்கே போய்க்கொண்டிருந்தால் வேலூர் வரும். அந்த ஊர் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், பாதிரியார் வீட்டுப் பிள்ளை. லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் உட்கார்ந்து பார்த்தார். நோய் விரலைத் தின்னவில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போய்விட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்துப் புண்ணானாலும் தெரியாது, அந்தப் புண்மேலேயே நாளெல்லாம் நடப்பார்கள். கால் போவதற்கு அதுதான் காரணம். வலி என்பது கடவுள் கொடுத்த கொடை என்று அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் சொன்னார், அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்த நோயாளிகளுக்காக மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்யப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கு உங்கள் வீட்டுச் சர்க்கரைக்காரர் போட்டுக்கொள்கிறாரே எம்.சி.ஆர். செருப்பு, அது அந்த ரப்பர்தான்.

வலி தெரியாத காலுக்குச் செருப்பு செய்ய ஒரு தலைமுறை மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நாம் என்னடா என்றால், நன்றாக வலி தெரிகிற காலுக்கு ஸ்ப்ரே அடித்து மரக்கட்டை ஆக்கி, அதைச் செருப்புக்குள் திணிக்கிறோம். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஸ்ப்ரே வாங்குகிற அத்தைமார்களிலும் சித்திமார்களிலும் எத்தனை பேருக்குச் சர்க்கரை? கல்யாணத்தில் பெண் மட்டுமா ஹீல்ஸ் போடுகிறாள்? சம்பந்தியம்மாவும் போடுகிறார். பிள்ளைகளா, உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இந்தச் செருப்பையும் ஸ்ப்ரேயையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

கல்யாணமாவது ஒரு ராத்திரி. வேலையிடம்? என் பழைய மாணவி ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், ஒரு பெரிய ஷோரூமில் வரவேற்பில் நிற்கிறாள். ஒன்பது மணி நேரம். கறுப்பு ஹீல்ஸ் யூனிஃபார்மில் சேர்த்தி, காசு மட்டும் அவள் சொந்தக் காசு. உட்கார ஸ்டூல் இருக்கிறது, ஆனால் “கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது” என்று அதை ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறார்கள். கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டோரம் ரப்பர் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, கால் சுளுக்கிவிட்டதா என்றேன். “இல்ல டீச்சர், டெய்லி இப்படித்தான்” என்றாள். இருபத்தாறு வயது.

அவளுக்கே தெரியாத ஒரு விஷயத்தை அவளிடம் சொன்னேன், இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. 22-ஏ என்று ஒரு புதிய பிரிவு. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். நாள் முழுவதும் கால்விரல்களில் நிற்கிற நிலை கூடாது என்ற பொருளில்தான் அந்த ஆங்கில வாசகமும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதை ஒரு பேச்சுவழக்காக எழுதியிருப்பார்கள். ஹீல்ஸ் போட்ட என் மாணவிக்கு அது அப்படியே சொல்லுக்குச் சொல் உண்மை.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. நமக்கு முன்னால் 2018-லேயே கேரளா செய்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்று அமைத்து, உட்காரவும் கழிப்பறைக்குப் போகவும் உரிமை கேட்டு வருஷக்கணக்கில் போராடினார். நம் ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகள் படும் பாட்டை 2010-லேயே ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்து நாம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். துடைத்துக்கொண்டு அதே கடையில் போய், நிற்கிற பெண்ணை இன்னும் பத்துப் புடவை எடுத்துப் போடச் சொன்னோம்.

நாற்காலி கேட்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிவில் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிலிப்பைன்ஸ் தேசத்தில் இருக்கிறது. 2017-ல் அவர்கள் தொழிலாளர் துறை ஆணை போட்டது: நின்று வேலை செய்பவர்களுக்குக் காலைக் கடிக்காத, வழுக்காத செருப்பு வேண்டும், குதி இருந்தால் அகலமாக இருக்க வேண்டும், ஒரு அங்குலத்துக்கு மேல் கூடாது, இடையில் ஓய்வும் உட்கார இடமும் கொடுக்க வேண்டும்.

ஜப்பானில் 2019-ல் யூமி இஷிகாவா என்ற பெண் ‘குடூ’ என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார். தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு அந்தப் பெயரில் ஒரு தனி ருசி. ஜப்பானிய மொழியில் குட்ஸு என்றால் காலணி. கடைசி எழுத்தை நீட்டிக் குட்ஸூ என்றால் வேதனை. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம்தான்! படி – பாடி, வடை – வாடை என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, அது டோக்கியோவில் போராட்டமாகிவிட்டது. அந்த நாட்டு அமைச்சர் முதலில் அசையவில்லை, வேலைக்கு அவசியம் என்றால் போடத்தான் வேண்டும் என்றார். ஆனால் அடுத்த வருஷமே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பணிப்பெண்களுக்கு ஹீல்ஸ் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நம் நாட்டிலும் 2022-ல் பறக்க ஆரம்பித்த ஆகாசா ஏர், விமானப் பணிப்பெண்களுக்கு ஸ்னீக்கர் ஷூ கொடுத்திருக்கிறது. விமானம் ஒழுங்காகத்தான் பறக்கிறது. ஷோரூமுக்கு மட்டும் என்ன வந்தது?

“போடுவது அவரவர் விருப்பம், நீங்கள் யார் தடுக்க?” என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் எழுதுவார், அது யார் என்றும் எனக்குத் தெரியும். நான் எதையும் தடுக்கவில்லை. ஆசைப்பட்டு, ஒரு மணி நேரம் போட்டு, சிரித்துவிட்டுக் கழற்றிவைக்கிற பெண்ணிடம் எனக்குச் சண்டை கிடையாது. எனக்கும் இளவயதில் குதி வைத்த செருப்புமேல் ஆசை இருந்தது. ஆனால் போட்டோகிராபர் சொன்னதற்காக, மேனேஜர் சொன்னதற்காக, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்பதற்காகப் போடுவதற்குப் பெயர் விருப்பமா? அதிலும் கல்யாணப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். “அம்மா வாங்கிட்டாங்க அத்தை” என்றாள். அவ்வளவுதான் பதில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் செருப்பு பெண்ணுக்கென்று பிறந்ததே இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கக் குதி வைத்தார்கள். அவர்களைப் பார்த்து ஐரோப்பிய ஆண்கள் போட்டார்கள். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரை 1701-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது, தேடிப் பாருங்கள், சிவப்புக் குதிச் செருப்பும் வெள்ளைக் காலுறையுமாக ஆடவர் திலகம் நிற்கிறார். 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆண்கள் அதைக் கழற்றிப்போட்டுவிட்டார்கள். அவர்கள் வேண்டாமென்று கழற்றியதைத்தான் நாம் கல்யாணச் செருப்பு என்று பாலிபேக்கில் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறோம்.

“சரி டீச்சர், வேலை போய்விடும், போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் என்ன செய்வது?” இது நியாயமான கேள்வி. குதி ஒன்றரை அங்குலத்துக்குள், அகலமாக, முடிந்தால் வெட்ஜ் மாதிரி முழு நீளத்துக்கும் அடி இருக்கிறதாகப் பாருங்கள். முன்பக்கம் விரல் அசைய இடம் வேண்டும். காலையில் போய்ச் செருப்பு வாங்காதீர்கள், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், பெரிய காலுக்குத்தான் அளவு. ஜெல் பேட் வேண்டுமானால் வையுங்கள், அது பாவமில்லை, உள்ளே இடம் இருந்தால் மட்டும். போகவர வேறு செருப்பு. வீட்டுக்கு வந்ததும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதி தரையில் படியும்படி கெண்டைக்காலை அரை நிமிஷம் இழுத்துப் பிடியுங்கள், மாற்றி மாற்றி. விரல் மரத்துப்போவது, எரிச்சல், கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைப்பது, இதெல்லாம் இருந்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள், குடும்பக் குழுவைப் பார்க்காதீர்கள். முக்கியமாக, ஸ்டோர் ரூமில் கிடக்கிற அந்த ஸ்டூலை வெளியே எடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒருத்தியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலு பேராகப் போங்கள். 22-ஏ என்ற எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் மாணவி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். என்ன ஆயிற்று என்று இன்னும் சொல்லவில்லை. என் மாணவர்களில் கடை முதலாளிகளும் மூன்று நாலு பேர் இருக்கிறீர்கள், உங்களைக் கேட்காமலேயே சொல்கிறேன்: நாளைக் காலையில் உங்கள் கடைக்குள் போய், வேலை செய்கிற பெண்கள் காலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

அண்ணிக்கு: கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்கிய செருப்பைக் கடைக்காரர் பதினைந்து நாளுக்குள் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே போட்டிருக்கிறது, நான் பார்த்தேன். அதைக் கொடுத்துவிட்டு, லெஹங்காவுக்கு அதே நிறத்தில் தட்டையான ஜரிகைச் செருப்பு ஒன்று எடுத்து வைத்திருக்கச் சொல்லி இருக்கிறேன். லெஹங்காவின் நீளத்தைத் தையல்காரர் மூன்று அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுப்பார், அதையும் கேட்டுவிட்டேன். போட்டோகிராபர் தம்பியிடமும் பேசிவிட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தபடி எடுத்தால் உயர வித்தியாசம் தெரியாதாம், அவரே சொன்னார். ரிசப்ஷனுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எட்டு மணிக்கு ஒரு இருபது நிமிஷம் வரிசையை நிறுத்தப்போகிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பந்திக்குப் போய்விடுங்கள், அன்றைக்கு அடை அவியல் உண்டு.